கடைசி ஸ்டேஷன் மாஸ்டரும் ஒரு டின் கறுப்புப் பொலிஷும்

நான் ஒரு மனிதரைக் கொன்றிருக்கிறேன். கத்தி, துப்பாக்கி ஒன்றும் கிடையாது. கருங்கல்லில், தங்க நிற எழுத்தில், தமிழ், சிங்களம், ஆங்கிலம் என்று அரசாங்க முறைப்படி மூன்று மொழியிலும் கொன்றேன். கொன்று முடித்த பிறகுதான் அவரை முதன்முதலாகச் சந்தித்தேன்.

(எந்த ஸ்டேஷன் என்று கேட்காதீர்கள். கல்குடாப் பக்கம் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். பெயரைச் சொன்னால் கல்லைத் தேடிப் போய்ப் படம் பிடிப்பீர்கள்.)

அப்போது நான் கலாசார உத்தியோகத்தராக நியமனம் பெற்று ஆறு மாதம்கூட ஆகவில்லை. பழுகாமத்தில் வயல்காரர் வீட்டில் பிறந்து, குடும்பத்தில் முதல் பட்டம் வாங்கியவள். என்னைப் பற்றி எனக்கு மிக உயர்ந்த அபிப்பிராயம் இருந்தது. ஒரு வீட்டு வாசலில் நின்று ஒரு பார்வை பார்த்தால் அந்த வீட்டின் முழுக் கதையும் எனக்கு விளங்கிவிடும் என்று நம்பினேன். பல்கலைக்கழகத்தில் இதற்குக் கள ஆய்வு என்று பெயர்.

எங்கள் செயலாளர் ஐயா ஒருநாள் கூப்பிட்டு, அந்தப் பழைய ஸ்டேஷனை மரபுரிமைச் சின்னமாக ஆக்கப் போவதாகவும், சுவரில் ஒரு கல்வெட்டுப் பதிக்க வேண்டும், அதற்கு வரலாறு எழுதுவது என் பொறுப்பு என்றும் சொன்னார். வரலாறு பத்து வரிக்குள் இருக்க வேண்டுமாம்.

ஸ்டேஷனைப் பார்க்கப் போனேன். வெள்ளைக்காரன் காலத்துக் கட்டடம். ஓட்டுக்கூரையில் பாதி இல்லை. டிக்கெட் ஜன்னலைச் சுற்றித் துப்பாக்கிச் சன்னம் துளைத்த ஓட்டைகள். முன்னொரு காலத்தில் ஐஸ் போட்ட மீன்பெட்டிகள் இங்கேதான் கொழும்புக்கு ஏறினவாம். பிறகு சண்டை வந்தது. ரயில், எங்கள் பேச்சில் கோச்சி, நின்றது. தண்டவாளமும் சிலிப்பர்க்கட்டையும் பங்கர் கட்டப் போயின. சண்டை ஓய்ந்து பாதையைத் திரும்பப் போட்டபோது, இந்தச் சின்ன ஸ்டேஷனை யாரும் நினைக்கவில்லை. இப்போதும் கோச்சி அந்த வழியாகத்தான் போகிறது. நிற்பதில்லை. பழகிய கடன்காரனைக் கண்டதுபோல வேகத்தைக் கூட்டிக்கொண்டு போய்விடுகிறது.

கடைசியாக இருந்த ஸ்டேஷன் மாஸ்டரின் பெயர் சவிரிமுத்து, குடும்பம் மாங்கேணியில் இருக்கிறது என்று தெரிந்தது. ஒரு ஞாயிறு பஸ் ஏறிப் போனேன்.

அங்கே நடந்ததை நிதானமாகச் சொல்ல வேண்டும். ஏனென்றால் கொலை அங்கேதான் நடந்தது.

கதவைத் திறந்த அம்மாவின் பெயர் பிலோமினா. வெள்ளைச் சேலை. நெற்றியில் பொட்டு இல்லை. உள்ளே கூப்பிட்டு இருத்தினார். எதிர்ச்சுவரில் தொப்பியும் வெள்ளைச் சீருடையுமாக ஒரு மனிதரின் பெரிய படம். படத்துக்குச் சந்தன மாலை. மேலே ஒரு சிறிய சிவப்பு பல்ப் எரிந்துகொண்டிருந்தது.

எங்கள் பக்கத்தில், ஒரு வீட்டுக்குள் போய் இருந்துகொண்டு "உங்கட வீட்டுக்காரர் இருக்காரா, செத்துட்டாரா?" என்று கேட்க முடியாது. இருந்தால் சாபம் போட்டது மாதிரி, இல்லாவிட்டால் புண்ணைக் கிளறியது மாதிரி. கண்ணால் பார்த்துத்தான் விளங்கிக்கொள்ள வேண்டும். நான் பார்த்தேன். விளங்கிக்கொண்டேன். குரலைத் தாழ்த்திக்கொண்டேன்.

"அவரப் பத்தி ஒண்டு ரெண்டு விசயம் கேக்கலாமாம்மா?"

"என்னத்தச் சொல்ல மனே. அந்த ஸ்டேஷனிலதான் உசிர வச்சிருந்தவர். வீட்டில இருந்தது குறைவு." அம்மாவின் கண் கலங்கியது. என் கண்ணும் கலங்கியது. (நான் எழுதப்போகும் வரிகளை நினைத்து.)

வீட்டின் பின்பக்கம் கிணற்றடியில் யாரோ வாளி வாளியாக அள்ளி ஊற்றிக் குளித்துக்கொண்டிருந்தார்கள். இடையிடையே பாட்டும் கேட்டது. நல்ல கட்டைக் குரல்.

"கொஞ்சம் இருங்க மனே. குளிச்சிட்டு வந்திருவார். அவரிட்டயே கேட்டுட்டுப் போகலாம்."

மகனாக்கும் என்று நினைத்தேன். தகப்பன் போன வீட்டில் இவ்வளவு உற்சாகமாகப் பாடுகிறானே என்று அந்த மகனைப் பற்றி ஒரு குறைவான எண்ணமும் வந்தது. அதற்குள் சந்தியில் பஸ் ஹோர்ன் அடித்தது. அதை விட்டால் அடுத்தது பின்னேரம்தான். அம்மா ஓடிப் போய் ஒரு பழைய கொப்பியை எடுத்துத் தந்தார். "இதில எல்லாம் எழுதி வச்சிருக்கார். மறுகா கொண்டு வந்து தாங்க."

பஸ்ஸில் கொப்பியைப் புரட்டினேன். ஒவ்வொரு நாளும் எந்தக் கோச்சி எத்தனை நிமிடம் பிந்தி வந்தது என்று சிவப்பு மையில் எழுதியிருந்தது. நேரத்துக்கு வந்ததாக ஒரு பதிவுகூட என் கண்ணில் படவில்லை. இப்படி ஒரு கடமை வீரரை உயிரோடு பார்க்கக் கிடைக்கவில்லையே என்று உண்மையாகவே வருந்தினேன். அந்த வருத்தத்தோடு எழுதியதுதான் கல்வெட்டின் கடைசி வரி: "இந்நிலையத்தின் இறுதி அதிபர் அமரர் சவிரிமுத்து."

சிங்களத்துக்கும் ஆங்கிலத்துக்கும் மொழிபெயர்க்க அனுப்பினேன். அழைப்பிதழைத் திருமதி பிலோமினா என்று முகவரியிட்டு அனுப்பினேன். கணவரை இழந்த பெண்ணுக்கு நாம் செய்யும் சிறு மரியாதை.

திறப்புவிழாவும் ஒரு ஞாயிற்றுக்கிழமைதான். ஒன்பது மணிக்குக் கொழும்பிலிருந்து பிரதம அதிதி வருவதாக ஏற்பாடு. டிக்கெட் ஜன்னலுக்குப் பக்கத்துச் சுவரில் கல் பதித்து, கூரையிலிருந்து நிலம் வரை தொங்கும் பெரிய மஞ்சள் திரை ஒன்றால் மூடியிருந்தோம். திரையைக் கட்டியது எங்கள் அலுவலகச் சாரதி குணம் அண்ணன். கல்லோ ஒரு முழம். திரையோ ஒரு வீட்டையே மூடும்.

எட்டேகாலுக்கு ஓர் ஓட்டோ வந்து நின்றது. முதலில் பிலோமினா அம்மா இறங்கினார். பிறகு ஒரு பளபளப்பான கறுப்புச் சப்பாத்து இறங்கியது. அதைத் தொடர்ந்து வெள்ளைக் காற்சட்டை, வெள்ளைக் கோட்டு, பித்தளைப் பொத்தான்கள், தொப்பி. சுவரில் மாலையோடு பார்த்த அதே முகம், பத்துப் பதினைந்து வருடம் மூத்து, என்னைப் பார்த்துச் சிரித்தது.

"அண்டைக்கு வந்த புள்ள நீங்கதானே? நான் குளிச்சிட்டு வாறதுக்குள்ள போட்டீங்க. நான்தான் சவிரிமுத்து."

என் கையில் இருந்த சந்தனக் கிண்ணம் கீழே விழுந்தது. அதை எடுக்க அவர் காலடியில் குனிந்தேன். அவர் அதை மரியாதை என்று எடுத்துக்கொண்டு, முன்வரிசைக் கதிரையில், திரைக்கு நேர் எதிரே போய் உட்கார்ந்தார்.

பிலோமினா அம்மா என் கையைப் பிடித்து ஒதுக்குப்புறமாகக் கொண்டுபோனார். "இவர ஒரு கண்ணில பாத்துக்கங்க மனே. போன கிழமைதான் ஆஸ்பத்திரியால வந்தவர். நெஞ்சு சரியில்ல. அதிர்ச்சி ஒண்டும் குடுக்கப்படாது எண்டு டொக்டர் சொன்னவர். இந்தக் கல்லில பேரப் பாக்கோணும் எண்டுதான் மருந்தே ஒழுங்காக் குடிச்சவர்."

இன்னும் முக்கால் மணி நேரத்தில் திரை விலகும். அந்த மனிதர் தன் பெயரைத் தேடுவார். பெயருக்கு முன்னால் தான் செத்துப்போனதைப் படிப்பார். அதே இடத்தில் நெஞ்சைப் பிடிப்பார். நான் எழுதிய வரலாறு அப்போது திருத்தமே தேவையில்லாத வரலாறாகிவிடும்.

குணம் அண்ணனைத் தேடி ஓடினேன்.

"அண்ணே, அவர் உசிரோட இருக்கார்."

"ஆரு?"

"கல்லில செத்தவர்."

குணம் அண்ணன் முன்வரிசையைப் பார்த்தார். திரையைப் பார்த்தார். தலையில் கையை வைத்தார். "கறுப்புப் பெயின்ட் எடுத்துத் தடவுவமா?"

"ஞாயித்துக்கிழமை எந்தக் கடை அண்ணே திறந்திருக்கு?"

"அப்ப அந்த எழுத்துக்கு மேல ஒரு மாலையத் தொங்க விடுவம்."

"மாலை போட்டா இன்னும் செத்த மாதிரி இருக்கும்!"

அந்த நேரம் முன்வரிசையில் சவிரிமுத்து ஐயா தன் பையைத் திறந்தார். ஒரு டின்னும் பிரஷும் எடுத்தார். குனிந்து, ஓட்டோவில் தூசு பட்ட சப்பாத்தை மினுக்கத் தொடங்கினார். கறுப்புப் பொலிஷ். கல்லும் கறுப்பு. நான் குலதெய்வத்தை நினைத்துக்கொண்டு அவர் முன்னால் போய் நின்றேன்.

"ஐயா, அந்தப் பொலிஷக் கொஞ்சம் தருவீங்களா?"

அவர் என் காலைப் பார்த்தார். தங்க நிறச் செருப்பு.

"இதுக்கா?"

"எனக்கில்ல ஐயா. பிரதம அதிதிக்கு."

"கொழும்பில இருந்து சப்பாத்து மினுக்காமலா வாறார்?" என்று முகம் சுளித்தார். ஆனாலும் தந்தார். "டின்னத் திருப்பித் தாங்க மனே. என்ட டின்."

தன் மரணத்தை மறைக்கத் தானே பொலிஷ் கொடுத்த மனிதர் உலகத்தில் அவர் ஒருவர்தான் இருப்பார்.

ஆனால் அவர் கண்ணெதிரே திரைக்குள் எப்படி நுழைவது? பதினைந்தடி தூரம்கூட இல்லை. மணி எட்டே முக்கால். அப்போதுதான் தூரத்தில் கோச்சியின் சத்தம் கேட்டது. அது முன்னரே போயிருக்க வேண்டிய கோச்சி. சவிரிமுத்து ஐயா கைக்கடிகாரத்தைப் பார்த்து, "பிந்தி" என்று தனக்குள் சொல்லிக்கொண்டே எழுந்தார். பையிலிருந்து பச்சைக் கொடியை எடுத்தார். பிளாட்பாரத்தின் விளிம்புக்குப் போய், நிற்காத கோச்சிக்குப் போகலாம் என்று கொடி காட்ட ஆயத்தமாக நின்றார். வந்திருந்த சனம் முழுவதும் அவர் பின்னால் திரும்பியது. நான் திரைக்குள் பாய்ந்தேன்.

உள்ளே இருட்டு, புழுக்கம். சுவரோடு ஒட்டி நின்று, விரலால் பொலிஷைத் தோண்டினேன். தமிழில் "அமரர்" இருந்த இடம் எனக்கு மனப்பாடம். அப்பினேன். எழுத்தின் பள்ளம் நிரம்பி, கல்லோடு கல்லாகிவிட்டது. ஆங்கிலம். அப்பினேன். கோச்சி கட்டடத்தை அதிரவைத்துக்கொண்டு போய்க்கொண்டிருந்தது. மிச்சம் சிங்களம்.

சிங்களப் பரீட்சையில் நான் இரண்டு தரம் தவறியவள். அமைதியாக இருந்து பார்த்தால் எழுத்துக் கூட்டி வாசிப்பேன். அன்றைக்கு என் கண்ணுக்கு எல்லா எழுத்தும் ஒன்றுபோலத் தெரிந்தன. ஆனால் நான் பட்டதாரி அல்லவா? யோசித்தேன். தமிழில் கடைசிச் சொல் பெயர். அதற்கு முன் சொல் "அமரர்". ஆகவே சிங்களத்திலும் கடைசிக்கு முதல் சொல்லை அழித்தால் சரி. அப்பினேன். டின்னில் பொலிஷும் முடிந்தது, கோச்சியும் போய் முடிந்தது.

வெளியே வரத் திரையை விலக்கப் போனேன். வாகனக் கதவு அடைபடும் சத்தம் கேட்டது. பிறகு செயலாளர் ஐயாவின் குரல், "வாங்க சேர், வாங்க." கதிரைகள் இழுபட்டன. மைக் கரகரத்தது. திரைக்கு அந்தப் பக்கம் எல்லோரும் என்னைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்கள், இடையில் ஒரு துணி மட்டும்தான். வியர்வையைத் துடைக்கக் கையை முகத்துக்குக் கொண்டுபோனேன். எந்தக் கை என்பதை மறந்துவிட்டேன்.

வரவேற்புரையில் செயலாளர் ஐயா இரண்டு தரம் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். நான் மூச்சு விடவில்லை. பிறகு திரைநீக்கம் என்றார்கள். "கயிறு சிக்கிட்டு சேர், கொஞ்சம் பொறுங்க" என்று குணம் அண்ணனின் பரிதாபமான குரல் கேட்டது. யாரோ அவரை விலக்கிவிட்டு இழுத்தார்கள்.

கல்லும் நானும் ஒன்றாகத் திறந்து வைக்கப்பட்டோம்.

கைதட்டத் தொடங்கியவர்கள் பாதியில் நிறுத்தினார்கள். மூக்கிலிருந்து காது வரை கறுப்பு, கையில் ஒரு வெறும் டின், பட்டுச் சேலை. என்ன செய்வதென்று தெரியாமல் கும்பிட்டு "வணக்கம்" என்றேன். படப்பிடிப்பாளர் அந்த நேரம் பார்த்துக் கமராவை அமத்தினார். (அந்தப் படம் குணம் அண்ணன் வீட்டில் இன்றும் இருக்கிறது.) செயலாளர் ஐயா என்னைப் பார்த்த பார்வையில் இடமாற்றக் கடிதம் அச்சாகிக்கொண்டிருந்தது. ஆனாலும் என் மனதுக்குள் ஒரு நிம்மதி. மூன்றையும் அழித்துவிட்டேன். மனிதர் பிழைத்தார்.

பிரதம அதிதி மரியாதை தெரிந்தவர். என்னைக் காணாததுபோலக் கல்லருகே வந்து, சிங்களப் பகுதியை மைக்கில் சத்தமாக வாசித்தார். கடைசி வரிக்கு வந்தார். நின்றார். திரும்ப வாசித்தார். பிறகு செயலாளர் ஐயாவைப் பார்த்துச் சிங்களத்திலேயே ஏதோ கேட்டார். செயலாளர் ஐயாவின் முகம் கல்லின் நிறத்துக்கு வந்தது.

அவர் கேட்டது இதுதான்: "காலஞ்சென்ற என்று இருக்கிறது. அவர்கள் என்றும் இருக்கிறது. நடுவில் ஆளின் பெயரைக் காணவில்லையே. செத்தது யார்?"

சிங்களத்தில் பெயருக்குப் பின்னால் "அவர்கள்" என்று மரியாதைக்கு ஒரு சொல் போடுவார்கள். கடைசிச் சொல் அதுதான். நான் பெயரை அழித்துவிட்டுச் சாவை விட்டுவைத்திருந்தேன்.

முன்வரிசையில் கதிரை அசைந்தது. ரயில்வேயில் முப்பது வருடம் வேலை செய்தவருக்குச் சிங்களம் தண்ணீர்பட்ட பாடு. சவிரிமுத்து ஐயா எழுந்தார். தொப்பியைச் சரிசெய்தார்.

"அது நான்தான் சேர்," என்றார்.

அவருடைய வலது கை மெதுவாக நெஞ்சுக்குப் போனது. பிலோமினா அம்மா எழுந்துவிட்டார். நான் டின்னைப் போட்டுவிட்டு அவரைப் பிடிக்க ஓடினேன். கை நெஞ்சில் நிற்கவில்லை, கோட்டுப் பைக்குள் போனது. வெளியே வந்தபோது அதில் மூக்குக்கண்ணாடி இருந்தது.

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கல்லருகே வந்தார். தமிழை வாசித்தார். ஆங்கிலத்தை வாசித்தார். வெறுமையாக இருந்த இடத்தில் விரலை வைத்து, மணந்து பார்த்தார்.

"இது என்ட பொலிஷ்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் மைக்குக்குக் கிட்ட நின்றபடியால் அடுத்ததாகச் சொன்னது முழு ஊருக்கும் கேட்டது.

"இந்த ஸ்டேஷனில நான் இருந்த காலம் முழுக்க ஒரு கோச்சியும் நேரத்துக்கு வரல்ல. என்னை மட்டும் நேரத்துக்கு முந்தி அனுப்பிட்டீங்களே மனே."

முதலில் சிரித்தது பிலோமினா அம்மாதான். பிறகு எல்லோரும்.

விழா முடிந்து எல்லோரும் மிச்சர் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அவர் காலடியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். ஒவ்வொன்றாக விளக்கம் வந்தது. சிவப்பு பல்ப் அவருக்கு அல்ல, அவருக்கு மேலே இருந்த திருஇருதய ஆண்டவர் படத்துக்கு. (ஆண்டவரையும் நான் பார்த்தேன்தான். வேதக்கார வீட்டில் இருந்துகொண்டு மூளை பழுகாமத்துச் சைவ வீட்டிலேயே நின்றுவிட்டது.) மாலை பிரியாவிடை விழாவில் போட்டது. வெள்ளைச் சேலை ஞாயிறு பூசைக்குக் கட்டியது. பொட்டு அம்மா பிறந்த நாளிலிருந்தே வைத்ததில்லை.

"அப்ப கிணத்தடியில பாடினது ஆர் எண்டு நினைச்சீங்க?"

"உங்கட மகன் எண்டு."

"எனக்கு மகனே இல்ல. மூண்டும் பொம்புளப் புள்ளைகள்."

செயலாளர் ஐயா கல்லைக் கொத்தி எழுத்தை எடுத்துவிடலாம் என்றார். சவிரிமுத்து ஐயா மறுத்துவிட்டார். "இந்தச் சுவரில போதிய ஓட்டை இருக்கு சேர். இது எப்பிடியும் ஒருநாள் சரியாகிற விசயம்தானே. அதுவரைக்கும் பொலிஷ் போடுவம்."

அப்படியே நடந்தது. சிங்களத்தில் பெயரைத் துடைத்தெடுத்து, உரிய சொல்லை மூடினோம். வெயிலில் பொலிஷ் உருகும், மழையில் கரையும். மாதத்துக்கு ஒருமுறை பூசை முடிந்து அவரே டின்னோடு வருவார். முடியாத மாதங்களில் எனக்குப் போன் வரும்.

"மனே, ராத்திரி மழையில நான் செத்துட்டன். வந்து எழுப்பி விடுங்க."

எங்கள் வீட்டிலும் இது நிலைத்துவிட்டது. பிறகு எனக்குக் கல்யாணமானது. யாராவது காலமானார் என்று நான் செய்தி கொண்டுவந்தால் என் கணவர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல் கேட்பார்: "கிணத்தடியில பாத்தியா?" பிள்ளைகளும் படித்துக்கொண்டார்கள். செத்த வீடுகளில் வாயைப் பொத்திக்கொண்டு நான் பட்ட பாடு கொஞ்சமல்ல.

போன வருடம் ஒரு காலையில் பிலோமினா அம்மா போன் எடுத்தார். அழுதுகொண்டுதான் பேசினார், ஆனாலும் அவர் சொல்லிவிட்டுப் போனதைச் சொன்னார். "இந்தமுறை நேரத்துக்குத்தான் வெளிக்கிட்டவர் மனே. கல்குடாச் சேமக்காலையிலதான் அடக்கம். பெட்டி ஸ்டேஷனத் தாண்டிப் போகும். அதுக்கு முன்னம் பொலிஷத் துடைச்சு விடட்டாம்."

கணவரிடம் சொன்னேன். அவர் பழக்கத்தில் வாயைத் திறந்து, என் முகத்தைப் பார்த்து மூடிக்கொண்டார்.

மண்ணெண்ணெய்ப் போத்தலும் பழந்துணியும் பையில் இருந்தன. நேரே ஸ்டேஷனுக்குத்தான் போயிருக்க வேண்டும். நான் மாங்கேணிக்குப் போனேன். வாசலில் வெள்ளைக்கொடி கட்டியிருந்தது, உள்ளே செபம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். நான் உள்ளே போகவில்லை. வீட்டைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் போனேன். கிணற்றடி காய்ந்து கிடந்தது. வாளி கவிழ்த்து வைத்திருந்தது. யாரும் பாடவில்லை. கொஞ்ச நேரம் அங்கேயே நின்று அழுதேன்.

அதன்பிறகுதான் போய்த் துடைத்தேன்.